பழசாக்கிய புது வண்டி

என் தங்கை வீட்டுக்காரரை நாங்கள் டைரக்டர் என்றுதான் சொல்வோம். அவர் எந்தப் படமும் எடுத்ததில்லை. கைபேசியைக் கம்பில் மாட்டிக்கொண்டு எதையாவது வீடியோ எடுத்துப் போடுவார், அவ்வளவுதான். சாப்பிட உட்கார்ந்தால்கூட வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எதிரில் இருக்கும் எனக்குப் பசியே செத்துப்போகும்.

அக்காவான நான் பைக் ஷோரூம் ஒன்றில் மெக்கானிக். தங்கைக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். லைசென்ஸைக் காட்டினால்தான் திங்கட்கிழமை சேர்த்துக்கொள்வார்கள். அவளுக்கு ஏற்ற வண்டியை நான்தான் பார்த்துச் சொன்னேன். சின்ன இன்ஜின், எடை குறைவு, குள்ளமானவளுக்கும் கால் தரையில் நன்றாக ஊன்றும், நெரிசலில் நுழைந்து வெளியே வந்துவிடலாம். பார்வைக்கு மட்டும் பழைய காலத்து வண்டி. உருண்டை ஹெட்லைட், பழுப்பு சீட், புடைத்த டேங்க். அந்த வேஷத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. உள்ளே இருப்பது புத்தம்புது இன்ஜின், அது போதும் என்று விட்டுவிட்டேன். அந்த வேஷத்தில் டைரக்டர் மயங்கி விழுவார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தினமும் காலையில் அவளுக்குப் பழக்கினேன். ஹேண்டிலை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு எட்டுப் போட்டாள், விழுந்தாள், சிராய்ப்பை ஊதிவிட்டு மறுபடி ஏறினாள். கால் ஊன்றாமல் முதல் எட்டுப் போட்ட அன்று எங்கள் இருவருக்கும் தலைகால் புரியவில்லை.

டெஸ்ட் நாளன்று நான் நேரே மைதானத்துக்குப் போனேன். டைரக்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார், பின்னால் தங்கை. பக்கத்தில் போய் வண்டியைப் பார்த்தேன்.

கண்ணாடிகளைக் காணோம். இண்டிகேட்டர்களைக் காணோம். பின் மட்கார்டைப் பாதியில் அறுத்திருந்தார். சைலன்ஸர் முழுக்கத் துணி சுற்றி, எலும்பு முறிந்த கால் மாதிரி கட்டுப் போட்டிருந்தார். ஹேண்டிலை மாற்றித் தாழ்வாக ஒன்றைப் பொருத்தியிருந்தார், வயிறு டேங்கில் படுகிற அளவுக்குக் குனிந்தால்தான் அவளுக்குக் கை எட்டும். டேங்கில் துரு. புது வண்டியில் எப்படித் துரு என்று விரலால் தேய்த்துப் பார்த்தேன். பெயிண்ட். உட்கார்ந்து துரு வரைந்திருக்கிறார்!

"என்ன மாப்ள இது?"

"லுக் எப்படி அண்ணி? நேத்து பூரா உக்காந்து செஞ்சேன். அவளுக்கு சர்ப்ரைஸ்."

"கண்ணாடி எங்க?"

"அந்தக் காலத்து வண்டியில ஏது அண்ணி கண்ணாடி? செஞ்சா ஒழுங்கா செய்யணும்ல?"

"பின்னாடி வர்ற லாரியும் அந்தக் காலத்து லாரியாவா இருக்கும்?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, கம்பு நுனியில் இருந்த கைபேசியைப் பார்த்துச் சிரித்தார்.

என் வண்டியிலிருந்து கண்ணாடிகளைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தேன். மாட்ட இடமில்லை. பிரேக் பிடி, கிளட்ச் பிடி இரண்டையும் மாற்றித் தொலைத்திருந்தார், கண்ணாடி திருகும் ஓட்டையே அவற்றில் இல்லை. என் வண்டியைக் கொடுக்கலாம் என்றால் அது மலை மாதிரி. அவள் ஏறினால் இரண்டு காலும் தொங்கும்.

இன்ஸ்பெக்டர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இதுல டெஸ்ட் கிடையாதும்மா. வேற வண்டி இருந்தா கொண்டு வாங்க. இல்லன்னா அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அடுத்த மாதம் என்றால் வேலை போச்சு. தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. டைரக்டர் கம்பை அந்த முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "அப்படியே இரு, தலையத் திருப்பாத. சூப்பரா வருது."

மனிதனா இவன்? காறித் துப்ப வேண்டும் போல இருந்தது எனக்கு.

தங்கை அவரைத் தாண்டி நடந்தாள். டெஸ்ட் முடித்துவிட்டு ஓரமாக நின்றிருந்த ஒரு பார்சல் டெலிவரிக்காரரிடம் போனாள்.

"அண்ணே, ஒரே ஒரு ரவுண்டு வண்டி குடுப்பீங்களா?"

அவர் அவளையும் பார்த்தார், துரு வரைந்த வண்டியையும் பார்த்தார். "எடுத்துக்கம்மா. கிளட்ச் கொஞ்சம் இறுக்கம், மெதுவா விடு."

சீட் கிழிந்து டேப் ஒட்டிய வண்டி. கிளம்பியதுமே நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினாள். எட்டின் இரண்டாவது வளைவில் வண்டி சாய, அவள் இடது கால் தரையைத் தொடப் போனது. தொடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்த்திவிட்டாள். இன்ஸ்பெக்டர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதற்குள் டைரக்டர் குறுக்கே வந்தார். மூஞ்சி சுருங்கிக் கிடந்தது.

"போயும் போயும் இந்த வண்டியிலயா ஓட்டுவ? வீடியோவுல பாக்கவே அசிங்கமா இருக்கு. நம்ம வண்டியில வந்து உக்காரு. பாஸாயிட்டேன்னு சிரி. 'என் வீட்டுக்காரர் எனக்காகவே செதுக்குன வண்டி'ன்னு சொல்லு." சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

தங்கை அந்தச் சாவியைப் பார்த்தாள். "எடுத்து முடிச்சதும் சாவிய என்கிட்டயே குடுத்துடுவீங்களா?"

"உன் வண்டிதானடி அது! தாராளமா வெச்சுக்க."

போய் உட்கார்ந்தாள். முதுகை வளைத்துக் குனிந்து, பல் தெரியச் சிரித்தாள். சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னாள். இன்னும் இயல்பாக என்றார், இன்னொரு தடவை சிரித்தாள். கண்ணில் கொஞ்சம் தண்ணி இருந்தா நல்லா இருக்கும் என்றார், அதற்கும் முயற்சி செய்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவரைப் பார்த்து வந்த அருவருப்பு பழகியதுதான். அன்று அவளைப் பார்த்தும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கியதை இப்படி அவன் காலடியில் கொண்டுபோய்க் கொட்டுகிறாளே! வாயைத் திறந்தால் ஏதாவது ஏடாகூடமாக வந்துவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டைரக்டர் சாவியைக் கொடுத்துவிட்டு நிழல் தேடிப் போய் உட்கார்ந்து, எடுத்ததைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார். தங்கை வண்டியைத் தள்ளிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பு துளிகூட மிச்சமில்லை.

"சிரிச்சு சிரிச்சு வாய் வலிக்குதுக்கா," என்றாள். "ஒரு கை பிடி, உன் ஷோரூமுக்குத் தள்ளிட்டுப் போயிடலாம். அவர் தலை நிமிர்றதுக்குள்ள இது எல்லாத்தையும் கழட்டிப் போடு."