ஐந்தாவது ஆள்

அழைப்பு மணி அடித்ததும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முதலில் செய்த காரியம், சாப்பிட்டுக்கொண்டிருந்த தங்கையைத் தட்டோடு குளியலறைக்குள் அனுப்பியதுதான். கண்ணைக் காட்டினார், அவ்வளவுதான். அவளும் பழகிப்போனவளாக எழுந்து போனாள். அவர் மனைவி மட்டும், நிம்மதியாக நாலு வாய் சாப்பிட விடக்கூடாதா என்று அடுப்பைப் பார்த்துக் கேட்டாள்.

வாசலில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், முகத்தில் காலையிலிருந்து துரத்திய நாய்கள் அத்தனையின் களைப்பும். வழிகாட்டுகிற சாக்கில் எதிர்வீட்டு அம்மாளும் கூடவே வந்திருந்தாள். தெருவில் அவளுக்கு ‘வானொலி’ என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். வருத்தப்பட்டதில்லை.

வீட்டில் எத்தனை பேர் என்று வாத்தியார் கேட்டார்.

“நாலு,” என்றார் கடைக்காரர். “நான், மனைவி, ஒரு பையன், ஒரு பொண்ணு.”

தங்கை கணவன் வீட்டை விட்டு வந்து இரண்டு வருடமாகிறது. பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே அண்ணன் தெருவுக்கு ஒரு செய்தியை அவிழ்த்துவிட்டார்: தங்கையும் மாப்பிள்ளையும் வெளிநாட்டில் குடியேறிவிட்டார்கள். வாழாமல் வந்தவள் இருக்கிற வீட்டில் நாளைக்கு யார் பெண் எடுப்பார்கள் என்பது அவர் கவலை. அவர் மகள் அப்போது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து தங்கை வேலைக்குப் போவதும் வருவதும் பின்வாசல் வழியாகத்தான்.

வழக்கமாகத் தங்குகிற எல்லாரையும் சொல்ல வேண்டும், யாரும் விட்டுப்போகக் கூடாது என்று வாத்தியார் பொறுமையாகச் சொன்னார். இந்த வார்டில் எத்தனை உயிர் என்று தெரிந்தால்தானே தண்ணீர்க் குழாயும் ஆஸ்பத்திரியும் அதற்கேற்பப் போட முடியும். கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. குடும்ப விஷயம் அரசாங்கத்துக்கு எதற்கு, மனிதனுக்கு அந்தரங்கம் என்று ஒன்று கிடையாதா என்று ஆரம்பித்தார். போன மாதம்தான் ஒரு ஜவுளிக்கடையில் இலவசப் பைக்காகத் தன் பிறந்த நாள், கல்யாண நாள், சம்பாத்தியம், மனைவியின் கைப்பேசி எண் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். வானொலி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

குளியலறையில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்த தங்கைக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஊரிலுள்ள தலைகளையெல்லாம் எண்ண ஓர் ஆள் கால் தேய நடந்து வருகிறான். அவளோ ரொட்டியோடு வாளி மேல் உட்கார்ந்திருக்கிறாள். தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“சார், நாலு இல்ல, அஞ்சு.”

கடைக்காரர் முகம் வெளிறியது. விருந்தாளி, ஊரிலிருந்து வந்திருக்கிறாள் என்று முணுமுணுத்தார்.

“ரெண்டு வருஷமா இங்கதான் சார் இருக்கேன். கேக்கறதையெல்லாம் சொல்றேன். ஆனா வாசல்ல நின்னு சொல்ல மாட்டேன். உள்ள வாங்க, கதவைச் சாத்திக்கலாம்.”

வாத்தியார் உள்ளே வந்தார். வானொலியும் ஒரு காலை உள்ளே வைத்தாள். அவளை வெளியிலேயே இருக்கும்படி அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அண்ணி பட்டென்று கதவைச் சாத்தினாள்.

இதெல்லாம் எங்கெங்கே போகும் என்று கடைக்காரர் தவித்தார். எண்ணிக்கை மட்டும்தான் வெளியே வரும், ஆளும் பேரும் வராது. பக்கத்து வீட்டுக்கும் சொல்ல முடியாது, சொந்தக்காரருக்கும் சொல்ல முடியாது, சொன்னால் தன் வேலையே போய்விடும் என்றார் வாத்தியார். பிறகு தங்கையிடம் வயது கேட்டார், படிப்பு கேட்டார். திருமண நிலை கேட்டார்.

“ஆயிடுச்சுன்னு போடுங்க சார்,” என்று அண்ணன் முந்தினார்.

“பிரிஞ்சு இருக்கேன்,” என்றாள் தங்கை.

கூரை கான்கிரீட்டா ஓடா என்று கேட்டுக் குறித்த அதே முகத்தோடு வாத்தியார் அதையும் குறித்தார். என்ன தொழில் என்று கேட்டார். பல்செட் செய்கிற பட்டறையில் வேலை என்றதும்தான் நிமிர்ந்து பார்த்தார். தன் அப்பாவின் பல்செட் தும்மினால் கழன்று விழுகிறது, என்ன செய்யலாம் என்று விசாரித்தார். ஈறு வற்றியிருக்கும், அளவு எடுத்து அடியில் இன்னொரு பூச்சு பூசித் தரலாம் என்று அவள் சொன்னாள். இரண்டு பேரும் அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். தங்கை இப்படித் தன் வேலையைப் பற்றி உட்கார்ந்து பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

வாத்தியார் எழுந்துவிட்டார். கடைக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை.

“இவ ஏன் பிரிஞ்சான்னு கேக்கலையே சார்?”

“அதுக்கு இதுல கேள்வியே இல்லைங்க.”

தங்கை சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா கேட்டாள், சித்தப்பா கேட்டார், போனில் பேசிய ஒவ்வொருவரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, பதில் பிடிக்காமல் மறுபடி கேட்டார்கள். காரணம் கேட்காமலே அவளை ஓர் ஆளாகச் சேர்த்துக்கொண்ட முதல் மனிதர், நாய்க்குப் பயந்துகொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தபோது வானொலி அங்கேயே நின்றிருந்தாள்.

“அஞ்சுன்னே எழுதியாச்சா?” என்று கடைக்காரரைப் பார்த்துக் கேட்டாள். “நல்லதாப் போச்சு. ரெண்டு வருஷமா மாடிக் கொடியில ஒரு ஆள் துணி கூடுதலாத்தான் காயுது. தெருவுல எல்லாருக்கும் தெரியும். நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் யாரும் வாயத் திறக்கல.”

கடைக்காரர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு வருடமாக அந்த வீட்டில் அவள் இருப்பது தெரியாமலிருந்தது அரசாங்கத்துக்கு மட்டும்தான்.

வானொலி குரலைத் தாழ்த்திக்கொண்டு தங்கையிடம் நெருங்கினாள்.

“அது சரி, ஏம்மா அங்கேருந்து வந்துட்ட?”

தங்கை வாசல் நடுவில் நன்றாக நின்றுகொண்டு தட்டில் மீதியிருந்த ரொட்டியை மென்று விழுங்கினாள்.

“அரசாங்கமே கேக்கல. நீங்க எதுக்குக்கா கேக்கறீங்க?”