நிறுத்தம் ஐந்து: குடும்பச் சண்டை

அக்காவும் மாமாவும் சண்டை போடும் நேரம் பகல் பன்னிரண்டு பத்து முதல் பன்னிரண்டு இருபத்தைந்து வரை. வாரத்தில் ஆறு நாள். திங்கட்கிழமை விடுமுறை. அன்றைக்கு இருவரும் பேசிக்கொள்வதே இல்லை, தொண்டைக்கு ஓய்வு வேண்டுமே.

இதை ஏற்பாடு செய்த புண்ணியவான் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. வெளியூரிலிருந்து வருகிறவர்களைச் சைக்கிளில் ஏற்றி, சந்து சந்தாக அழைத்துப்போய், தின்னவைத்துத் திருப்பி அனுப்புகிற ஒரு கம்பெனியில் அவன் வழிகாட்டி. தலைக்கு ஒரு ஹெல்மெட், ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், முன்னால் போகும் தம்பியின் சைக்கிளில் ஓர் ஆரஞ்சுக் கொடி. முதல் நிறுத்தம் ரொட்டிக் கடை. இரண்டாவது பழச்சாறு. மூன்றாவது வறுத்த கடலை. நான்காவது பொரித்த மீன். ஐந்தாவதாக ஒரு சூப் கடை இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், சூப் கடைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் பல் பிடுங்கிக்கொள்ளப் போய்விட்டார். பூட்டிய கடை முன்னால் ஒன்பது சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு நிற்க, தம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லோரையும் நேரே அக்கா வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். நேரம் பாருங்கள், அப்போது அக்காவும் மாமாவும் நிஜமாகவே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சூப்பில் உப்பு இல்லை என்று மாமா சொல்லியிருந்தார். அங்கே கிளம்பிய பேச்சு, மாமாவின் பெரியம்மாவின் வாய், கல்யாணத்துக்கு வந்து காணாமல் போன மேசை மின்விசிறி, அக்கா சமையற்கலையில் வாங்கிய டிப்ளமோ பரணில் கிடப்பது என்று ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்பது பேரும் ஹெல்மெட்டைக் கழற்றாமல், சூப்புக் கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி, சுவரோடு சுவராக நின்று பார்த்தார்கள். சாயங்காலமே விமர்சனம் வந்துவிட்டது: "சூப் சுமார். சண்டை அபாரம். இந்த ஊரின் மனசுக்குள்ளேயே எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. ஐந்து நட்சத்திரம்."

கம்பெனி முதலாளி சூப் கடையைக் கழற்றிவிட்டார்.

அன்றிலிருந்து அவள் எல்லோருக்கும் அக்கா. அவளைவிட முப்பது வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், கம்பெனி அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அந்தக் கணக்கில் அவள் கணவர் ஊருக்கே மாமா. மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் ரிப்பேர் செய்துகொண்டு, வாயைத் திறந்தால் திருகு ஆணியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த மனிதர். தனக்குள் இப்படி ஒரு நடிகர் குடியிருந்தது அவருக்கே தெரியாது. இப்போது சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து ஒத்திகை. சாப்பிடும்போது, "நேத்து 'உன் சமையலைச் சாப்பிட நான் என்ன பாவம் பண்ணேன்'னு சொன்னப்போ, நீ கொஞ்சம் சீக்கிரமே திரும்பிட்டே. கைதட்டு வரட்டும், அப்புறம் திரும்பு" என்று திருத்தம்.

இதில் அக்காவுக்கு ஒரு கஷ்டம் வந்தது. வெளியே சொன்னால் யாருக்கும் புரியாத கஷ்டம். ஒரு பெண்ணுக்குக் கோபம் வந்தால் சொல்வதற்கென்று சில வாக்கியங்கள் இருக்கின்றன அல்லவா, அவை எல்லாமே அவளுக்குத் தீர்ந்துபோய்விட்டன. 'நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்' செவ்வாய்க்கும் வெள்ளிக்கும். 'இந்த அடுப்படியிலேயே என் ஆயுசு போச்சு' ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு. அழுகை கடைசி மூன்று நிமிஷத்துக்கு. ஒருநாள் வெறுத்துப்போய் ஒன்றும் பேசாமல் நின்று பார்த்தாள். அதற்குத்தான் இருப்பதிலேயே அதிக நட்சத்திரம் விழுந்தது. மௌனத்தையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

இந்த நிலையில்தான், அவள் எப்போதோ போட்டிருந்த விண்ணப்பத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பதில் கடிதம் வந்தது. ஐந்து மணி நேரப் பயணத்தில் ஒரு பெரிய மருத்துவமனை. அதன் சமையல்கூடத்துக்கு மேற்பார்வையாளர் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். அதற்குச் சனிக்கிழமை ஒண்ணே கால் மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

"எனக்கு வேலை கிடைச்சிருக்குங்க. சனிக்கிழமை கிளம்பறேன்" என்றாள்.

மாமா கண்ணாடியிலிருந்து திரும்பினார். முகமெல்லாம் நுரை, கண்ணெல்லாம் ஒளி. "அடடே! இது புதுசா இருக்கே. எப்போ யோசிச்சே?"

"யோசிக்கலைங்க. நிஜம்."

"இதான்! இந்த 'நிஜம்' இருக்கு பாரு, இதை இப்படியே மெதுவாத்தான் சொல்லணும். கத்திக் கெடுத்துடாதே."

புதன்கிழமை மறுபடி சொன்னாள். மாமா தீவிரமாக யோசித்தார். "எல்லாம் சரிம்மா, ஆஸ்பத்திரின்னு மட்டும் வேண்டாம். சாப்பிட வந்தவங்களுக்கு வயித்தைக் கலக்கும்."

வியாழக்கிழமை கடிதத்தையே எடுத்து முன்னால் வைத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "முத்திரையெல்லாம் குத்தியிருக்கான்! மச்சான் வேலைதானே? கெட்டிக்காரன்தான்." சொல்லிவிட்டு, அழுகைக்கான கைக்குட்டை இருக்கும் தட்டில் அதையும் பத்திரமாக வைத்தார்.

வெள்ளிக்கிழமை தம்பியிடம் சொன்னாள். அவன் நம்பினான். அதுதான் இன்னும் மோசம்.

"அக்கா, சீசன் முடியட்டும்க்கா. நீ போயிட்டா என் கொடியைப் பிடுங்கி வேற ஒருத்தன் சைக்கிள்ல சொருகிடுவாங்க."

"நீயாவது உங்க மாமாகிட்ட சொல்லுடா, இது நிஜம்னு."

"நான் சொன்னா மட்டும் நம்பவா போறார்? நல்ல விளம்பரம்னுவார்." அவன் கண்ணைப் பார்க்காமல் சைக்கிள் பம்ப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அதனால் அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். மாமா பதினொன்றரைக்குக் குளிக்கப் போவார். குளிக்காமல் அவர் சண்டைக்கு வருவதில்லை. அந்த நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டியது. கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் செருகினாள். சனிக்கிழமை, பதினொன்று முப்பத்தைந்து. குளியலறையில் மாமா, "போ! போய்ப் பாரு! போ... போய்ப் பாரேன்!" என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வாசல் கதவைத் திறந்தாள்.

பன்னிரண்டு ஹெல்மெட்டுகள் நின்றன.

மீன் கடையில் எண்ணெய்ச் சட்டி ஓட்டையாகிவிட்டதாம். நான்காவது நிறுத்தத்தைத் தாண்டி நேரே வந்துவிட்டார்கள்.

"ஆரம்பிச்சுட்டாங்களா?" என்றது பின்வரிசை.

"பையோடயே நிக்கிறாங்க பாருங்க. ரொம்ப லேட்டாயிட்டோமோ?"

கூட்டத்தில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருக்கு இது மூன்றாவது தடவை. "கவலைப்படாதீங்க, முழுசா நடத்துவாங்க. போன தடவை அம்மா வீட்டுக்குத்தான் கிளம்பினாங்க, பை இல்லாம. இது புதுப் பதிப்பு" என்று பக்கத்திலிருந்தவர்களுக்கு விளக்கினார்.

தம்பிக்கு முகம் வெளிறிப்போனது. ஆனால் தொழில் தொழில். பன்னிரண்டு சைக்கிள்களையும் கேட்டுக்குக் குறுக்கே ஒரே சங்கிலியில் கோத்துப் பூட்டினான், சாவியைப் பையில் போட்டான், "எல்லாரும் உள்ளே வாங்க, ஷூவைக் கழட்ட வேண்டாம்" என்றான். பிறகு ரகசியமாக, "அக்கா, காலில் விழறேன், உள்ளே போ" என்றான்.

அவள் போகவில்லை. பன்னிரண்டு பேர் ஒரு குறுகிய வாசலில் நுழைந்தால், நடுவில் நிற்கிறவள் போக விரும்புகிறாளா இல்லையா என்பது யாருக்கு வேண்டும்? தள்ளிக்கொண்டே போய்ச் சமையலறையில் சேர்த்துவிட்டார்கள். எட்டுக்கு ஒன்பது அடி அறை. ஒரே கதவு. அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடையில் அவள் நிற்கிற இடத்துக்குப் போக ஒரே வழி, அந்த வழி முழுக்க ஜனங்கள். பையைக் கீழே வைக்கக்கூட இடமில்லாமல் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

மாமா ஈரத்தலையோடு ஓடிவந்தார். முன்கூட்டியே வந்துவிட்டார்களே என்ற எரிச்சல் ஒரு நொடி. கூட்டத்தைப் பார்த்ததும் முதுகு நிமிர்ந்துவிட்டது.

"என்ன, பையைத் தூக்கிட்டியா? எங்கே கிளம்பிட்டே மகாராணி?"

"வேலைக்கு. ஒண்ணே கால் பஸ்."

"போ! போய்ப் பாரு! நீ வைக்கிற சூப்பைக் குடிக்க இந்த உலகத்துல என்னை விட்டா எவன் இருக்கான்?"

கைதட்டல். ஒருவர் ஹெல்மெட்டுக்குள்ளேயே சிரித்ததில் எதிரொலித்தது.

"ஏங்க, நான் விளையாடலை. ஏழு மணிக்குள்ளே போய்க் கையெழுத்துப் போடணும்."

"அவங்க நிஜமாத்தான் சொல்றாங்க போலங்க, பாவம்" என்றாள் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், போனில் படம் பிடித்துக்கொண்டே.

"நல்லா நடிக்கிறாங்கன்னு அர்த்தம்" என்றான் அவள் புருஷன்.

அக்கா கடிதத்தை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்தாள். தேதி எல்லாம் சரியாக இருப்பதைத் தலைமையாசிரியர் பாராட்டினார். "வழி விடுங்க!" என்று கத்தினாள். ஒருவரும் நகரவில்லை. இவ்வளவு நல்ல இடத்தை யார் விடுவார்கள்? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அழுகை கடைசியிலதான் வரணும், இன்னிக்கு முந்திட்டாங்க" என்று தலைமையாசிரியர் கிசுகிசுத்தார். அவள் பேச்சை நிறுத்தினாள். "இதுக்குத்தான் வந்தேன், இந்த மௌனம்" என்றார் அவர்.

பன்னிரண்டு பத்து ஆகியது. வழக்கமாகச் சண்டை தொடங்கும் நேரம். அவளுக்கு இன்றைக்குச் சண்டையே முடிந்து, சொல்ல ஒரு சொல் மிச்சமில்லாமல் இருந்தது.

அப்போது கதவோரம் நின்ற ஒரு தடித்த மனிதர் வயிற்றைத் தடவினார். காலையிலிருந்து பெடல் மிதித்தவர், மீனும் கிடைக்காதவர். "எல்லாம் பிரமாதம். சூப் எப்போங்க?"

"சூப் இல்லை" என்றாள் அக்கா.

சிரித்தார்கள்.

"வைக்கலைங்க."

தம்பி சிரித்தபடியே எட்டி அடுப்பைப் பார்த்தான். அடுப்பு சில்லென்று கிடந்தது. பெரிய பாத்திரம் கழுவி, துடைத்து, மேடையில் கவிழ்த்து வைத்திருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தான். ஒரு கேரட்கூட இல்லை. எல்லாவற்றையும் அவள் காலையிலேயே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருந்தாள்.

சிரிப்பு நின்றது.

"அப்படின்னா," என்றார் தடித்த மனிதர் மெதுவாக, "இந்தம்மா நிஜமாவே போறாங்களா?"

"இவ்வளவு நேரமா அதைத்தானே சொல்லிட்டிருந்தாங்க!" என்றாள் புதுப்பெண். போனைக் கீழே இறக்கிவிட்டாள்.

மாமா கவிழ்த்த பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்தில் என்னென்னவோ பேசியிருக்கிறார்கள். அவள் அவரைப் பேய் என்றிருக்கிறாள், அவர் அவள் வம்சத்தையே இழுத்திருக்கிறார். ஒரு நாளாவது சூப் வராமல் இருந்ததா? காய்ச்சலில் கிடந்த நாளில்கூட அவள் போர்வையோடு எழுந்து வந்து வைத்தாள். அவர் சட்டைப் பையைத் துழாவி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அவள் கையிலிருந்த கடிதத்தை வாங்கினார். உதடு அசைய, எழுத்துக் கூட்டுகிறவர் மாதிரி படித்தார்.

"அன்னிக்கு இதை நான் படிக்கலையே" என்றார். கடைசி வரிசைக்குக் கேட்காத குரல்.

"பார்த்தீங்க."

"பார்த்தேன்." கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "பஸ் எத்தனை மணிக்கு?"

"நாலு நாளா சொல்றேன்."

"ஒண்ணே காலா?"

"ம்."

"அப்ப நான்?"

இந்தக் கேள்வி இத்தனை நாள் ஒத்திகையில் வந்ததே இல்லை. அக்கா பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அங்கே வீடு தர்றாங்க. ரெண்டு ரூம். மிக்ஸி எல்லா ஊர்லயும்தான் கெட்டுப்போகுது. வர்றதுன்னா வாங்க."

மாமாவுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார். "அங்கே நம்ம வீட்டுக்கு யாரு வருவா?"

"யாரும் வர மாட்டாங்க. நீங்களும் நானும்தான்."

"யாருமேவா?" என்றார் மாமா.

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அக்காவுக்கு அது தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதில் சொல்ல உட்கார்ந்தால் பஸ் போய்விடும்.

இந்தத் தடவை அவள் வழி விடுங்கள் என்று சொல்லவில்லை. புதுப்பெண்தான் முதலில் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவளைப் பார்த்து அவள் புருஷன். தடித்த மனிதர் முடிந்தவரைக்கும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். தலைமையாசிரியர் நகரும்போதும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். தாண்டும்போது அவள் கண்ணில் பட்டது: "முடிவு அழுத்தம். ஆனால் சாப்பாடு கிடைக்கவில்லை. மூன்று நட்சத்திரம்."

வாசலில் பன்னிரண்டு சைக்கிள்களும் சங்கிலியும். தம்பி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, நாளைக்கு இன்னொரு குழு வருது."

"பூட்டைத் திறடா."

"நான் அவங்களுக்கு என்ன சொல்றது?"

"அக்கா வேலைக்குப் போயிட்டான்னு சொல்லு."

"நம்ப மாட்டாங்களேக்கா!"

அவள் கையை நீட்டினாள். அவன் சாவியை அவளிடம் கொடுக்கவில்லை, ஆனால் தானே குனிந்து திறந்தான். சங்கிலி உருவியதும் முதல் சைக்கிள் இரண்டாவதன் மேல் சாய, இரண்டாவது மூன்றாவதன் மேல் சாய, பன்னிரண்டும் வரிசையாகச் சரிந்து விழுந்தன. கடைசிச் சைக்கிளின் மணி தானாக அடித்தது. அவள் சக்கரங்களைத் தாண்டித் தாண்டித் தெருவுக்கு வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமா நிற்பது தெரிந்திருக்கும். அவர் பின்னால் பன்னிரண்டு பேர், அடுத்து என்ன என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஒரு பக்கம் யாருடைய மூட்டையோ, இன்னொரு பக்கம் கம்பி, முதுகில் ஒரு முழங்கை. சமையலறையே தேவலை என்கிற அளவுக்கு நெரிசல். கண்டக்டர் தலைகளுக்கு மேலே கையை நீட்டினார்.

"எங்கேம்மா?"

அக்கா ஊர்ப் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு, இரண்டாம் தடவை சொல்வதற்காக மூச்சை இழுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள். கடிதமும் கையிலேயே இருந்தது. அதற்குள் அவர் டிக்கெட்டைக் கிழித்து அவள் விரல்களுக்கிடையே செருகிவிட்டு, அடுத்த ஆளிடம் போய்விட்டார்.