அழைத்து வந்த மாணவர்

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தலையாட்டுவதில் இருபத்திரண்டு வருட அனுபவம். வேலையிடத்தில் இல்லை. அங்கே தலையாட்டினால் தலை இருக்காது. லிஃப்ட் குழிக்குள் ஒருவர் நிற்பார், மேலே மோட்டார் அறையில் இன்னொருவர் நிற்பார். மேலிருப்பவர் என்ன சொன்னாலும் கீழிருப்பவர் அதை அப்படியே சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் “சரி” செல்லாது. திருப்பிச் சொன்ன பிறகுதான் கை சாமானில் படும். அந்த விஷயத்தில் மனிதர் படு கறார். புதிதாகச் சேர்ந்தவர்கள் யாராவது “ம்” என்று மட்டும் சொல்லிவிட்டால் வேலையை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி வந்து திட்டுவார்.

வீட்டுக்குள் காலை வைத்துவிட்டால் ஆளே வேறு. மனைவி பேசுவாள், இவர் தலையாட்டுவார்.

அவளுக்குக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சாயங்காலம் வந்ததும் அன்றைக்கு எந்தத் தண்ணீரில் என்ன இருந்தது, எந்த பாட்டிலில் எவன் தப்பாகச் சீட்டு ஒட்டினான், அதை அவள் எப்படிக் கையும் களவுமாகப் பிடித்தாள் என்று ஒன்று விடாமல் சொல்வாள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். ஆனால் கேட்டது குரலைத்தான், விஷயத்தை இல்லை. பேசும்போது அவள் கை இரண்டும் காற்றில் படம் போடும். அதைப் பார்க்க அவருக்கு அவ்வளவு பிடிக்கும். “புரிஞ்சுதா?” என்பாள். ஆட்டுவார். அவள் முகம் மலரும். இதற்கு மேல் ஒரு புருஷனுக்கு என்ன வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

நாற்பத்தைந்து வயதில் அவள் பள்ளி ஆசிரியையாகப் போகிறேன் என்றாள். வேதியியல் ஆசிரியை. அதற்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடப் பயிற்சி முடிக்க வேண்டும். வேதியியலுக்குப் பன்னிரண்டு இடம். அதில் ஒரு நிபந்தனை, பட்டம் வாங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. அவள் பட்டத்துக்கு வருகிற கோடையில் இருபது முடிகிறது. ஆக இந்த வருடம் கிடைத்தால் உண்டு. இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை.

விண்ணப்பம் என்றால் லேசுப்பட்டதா? சாப்பாட்டு மேசை ஒரு மாதம் காகிதத்துக்குள் புதைந்து கிடந்தது. மகளோடு சேர்த்து மூவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். எந்தப் பாடத்தை எத்தனை மணி நேரம் படித்தாள் என்று பட்டியல் வேண்டுமாம். பழைய கல்லூரிக்கு நாலு கடிதம் எழுதி, நாலாவதுக்குத்தான் பதில் வந்தது. ஏன் ஆசிரியையாக விரும்புகிறீர்கள் என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். அதைப் பதினோரு தடவை எழுதினாள். பதினொன்றையும் அவருக்குப் படித்துக் காட்டினாள். பதினொன்றுக்கும் அவர் தலையாட்டினார். அதில் இரண்டு ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

முதல் கட்டத்தில் பெயர் வந்தது. அடுத்தது பாடம் நடத்திக் காட்ட வேண்டும். சமையலறை அலமாரிக் கதவு வெள்ளையாக இருந்ததால் அதுவே கரும்பலகை ஆயிற்று. உப்புத் தண்ணீரில் சோப்பு ஏன் நுரைப்பதில்லை, இதுதான் பாடம். மூன்று வாரம், தினமும் சாயங்காலம், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து மாணவராக இருந்தார். அயனி என்றாள். ஆட்டினார். வீழ்படிவு என்றாள். அதற்கும் ஆட்டினார். உங்களுக்கே புரிகிறதென்றால் உலகத்தில் யாருக்கும் புரியும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். அதில் தனக்கு ஒரு குட்டு விழுந்ததுகூட அவருக்கு உறைக்கவில்லை.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. பாடம் பத்து நிமிடம். பாடம் தெரியாத பெரியவர் ஒருவரை விண்ணப்பதாரரே மாணவராக அழைத்து வர வேண்டும். பாடம் முடிந்ததும் விண்ணப்பதாரரை வெளியே அனுப்பிவிட்டு மாணவரிடம் மூன்று கேள்வி கேட்பார்கள். மதிப்பெண்ணில் பாதி அதற்கு.

அவள் கடிதத்தோடு ஓடி வந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். மற்றவர்கள் இனிமேல்தான் ஆள் தேடி அலைய வேண்டும், நம் வீட்டில் ஆள் தயார் என்றாள். அவர் பயந்து போனார். பன்னிரண்டு மாடி உயரத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்கியபோதுகூட அப்படிப் பயந்ததில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அதைக் கெடுக்க மனசு வருமா? அதனால் நல்ல மனிதர்கள் செய்கிற அசட்டு வேலை ஒன்றைச் செய்தார். அவளுடைய குறிப்பைத் திருட்டுத்தனமாகப் படம் எடுத்து, மோட்டார் அறையில் உட்கார்ந்து வரிவரியாக நெட்டுருப் போட்டார். கால்சியம் அயனிகள் சோப்புடன் வினைபுரிந்து கரையாத வீழ்படிவாகின்றன. நீரை மென்மையாக்கச் சோடியம் கார்பனேட் சேர்க்கலாம். குளிக்கும்போது சொன்னார், பல் தேய்க்கும்போது நுரை வழியச் சொன்னார்.

மகளுக்குப் பதினேழு வயது. வீட்டில் எல்லோருக்கும் புத்தி சொல்வதால் ‘பெரிய மனுஷி’ என்று பட்டப் பெயர். அவள் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டாள். வெளியே வந்தவரை மடக்கி, அயனி என்றால் என்ன என்று கேட்டாள். மனிதர் திருதிருவென்று விழித்தார்.

“அம்மாகிட்ட சொல்லிடுங்கப்பா.”

“பாவம்டா, மனசு ஒடஞ்சுடும்.”

“பரீட்சை ஹால்ல ஒடஞ்சா பரவாயில்லையா?”

 அப்படியும் அவர் மனைவியிடம் சொல்லவில்லை.

தேர்வு நாளன்று இரண்டு பேரும் பஸ் பிடித்துப் போனார்கள். மூன்றாவது மாடி, நீளமான அறை, ஜன்னலை ஒட்டி மேசை. அங்கே கண்ணாடி போட்ட பேராசிரியை ஒருவர், பக்கத்தில் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியர். முன்வரிசையில் ஒரே ஒரு பெஞ்சு, அதில் நம் மெக்கானிக். ஐம்பதை நெருங்கும் உடம்பு அந்தப் பெஞ்சுக்கும் மேசைக்கும் இடையில் சிக்கிக்கொண்டது. முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவள் ஆரம்பித்தாள். குரல் முதலில் கொஞ்சம் நடுங்கியது. அப்புறம் அவரைப் பார்த்தாள், நடுக்கம் போய்விட்டது. கை காற்றில் படம் போட ஆரம்பித்தது. இரண்டு நிமிடம் சரளமாகப் போனது. பலகையில் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு நீளக் கோடு இழுத்து, திரும்பி நேராக அவரிடம் கேட்டாள்.

“இதுவரைக்கும் புரிஞ்சுதா?”

கழுத்து தானாகவே ஆடத் தயாரானது. பேராசிரியை பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். ஆனால் அவர் பார்த்தது மனைவியின் கண்ணை. அதில் துளிச் சந்தேகம் இல்லை. இவர் ‘ஆமாம்’ என்பார் என்று முழுசாக நம்பி நிற்கிறாள். குழிக்குள் நிற்கிறவன் மேலே இருக்கிறவனை இப்படித்தான் நம்புவான். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் விளையாடியிருக்கிறோமே என்று நினைத்ததும் ஆடப் போன கழுத்தை நிறுத்திக்கொண்டார்.

“புரியலை” என்றார்.

அவள் கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டி அந்தரத்தில் நின்றது. ஏதோ தமாஷ் என்று நினைத்திருப்பாள் போல, உதட்டோரம் லேசாகச் சிரிப்புகூட வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

“எங்கேருந்து புரியலை?”

“ரெண்டாவது வரியிலேருந்து. அயனின்னீங்களே... அதுலேருந்து.”

பயத்தில் மனைவியை ‘நீங்க’ என்றுவிட்டார். தலைமை ஆசிரியர் இருமினார்.

அவள் முகம் ஒரு கணம் சிவந்தது. மூன்று வாரச் சாயங்காலங்களும் அந்த ஒரு கணத்தில் அவளுக்குள் ஓடியிருக்கும். கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பலகையில் போட்டிருந்ததை எல்லாம் அழித்தாள். குறிப்புக் காகிதத்தை மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அவர் பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, பேட்டரியில் ப்ளஸ், மைனஸ் தெரியுமா என்று கேட்டாள். அதுகூடத் தெரியாமலா இத்தனை வருடம் லிஃப்ட் பழுது பார்க்கிறோம் என்று அவருக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. அப்போதுதான் பேச்சு சூடு பிடித்தது. பாறையிலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் கால்சியம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ப்ளஸ் என்றாள். சோப்பின் தலையில் ஒரு மைனஸ். இப்படி ப்ளஸ்ஸோ மைனஸ்ஸோ ஏறின பொடிசுக்குத்தான் அயனி என்று பெயர், அவ்வளவுதான். அப்படியானால் ஒரு கால்சியம் இரண்டு சோப்பைப் பிடித்துக்கொள்ளுமா என்று அவர் கேட்டார். அதேதான் என்றாள். பிடித்துக்கொண்டு என்ன செய்யும்? கரையாமல் திப்பித்திப்பியாக மிதக்கும், வாளி ஓரத்தில் ஒட்டும், பார்த்திருக்கிறீர்களே.

அவருக்கு வாளி ஓரம் கண்ணில் வந்தது. பழக்கதோஷம், குழிக்குள் நிற்பதுபோல அறை அதிரக் கத்தினார்.

“ஒரு கால்சியம் ரெண்டு சோப்பைப் பிடிச்சுக்குது. பிடிச்ச சோப்பு நுரைக்காது. மிச்சம் மாட்டாத சோப்பு இருந்தாத்தான் நுரை!”

பேராசிரியையின் பேனா நழுவி விழுந்தது. அதே நேரம் மணி அடித்தது. பாடத்தில் பாதிதான் முடிந்திருந்தது. தண்ணீரை மென்மையாக்குகிற பகுதியை அவள் தொடவே இல்லை. அவரைப் பார்க்காமல் வெளியே போனாள்.

சோப்பு ஏன் நுரைப்பதில்லை என்ற முதல் கேள்விக்கு அவர் கத்தாமல் பதில் சொன்னார். இரண்டாவது, சோப்பை இன்னும் நிறையப் போட்டால் என்ன ஆகும்? கால்சியம் எல்லாம் கைநிறையப் பிடித்து முடித்ததும் நுரைக்கும் என்றார். யாரும் சொல்லித் தரவில்லை, அவராகவே யோசித்துச் சொன்னது. மூன்றாவது, இந்தத் தண்ணீரைச் சோப்பு நுரைக்கிற மாதிரி மாற்ற என்ன சேர்க்கலாம்?

சோடியம் கார்பனேட். நாக்கு நுனியில் நின்றது. பத்து நாள் பல் தேய்த்ததோடு தேய்த்த வார்த்தை. வாயைத் திறந்தால் போதும், முழு மதிப்பெண். ஆனால் அது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாது. இப்போது அதைச் சொன்னால் அதுவும் ஒரு தலையாட்டல்தான்.

“அது எனக்கு இன்னும் சொல்லித் தரலைங்க. நான் புரியலைன்னு நேரத்தை எடுத்துக்கிட்டேன். தப்பு அவங்களுது இல்லை.”

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். இரண்டு நிறுத்தம் கழித்து, முதல் நாளிலிருந்தேவா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஆமாம் என்றார். அதோடு சரி. அடுத்த நாலு நாள் அவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் பெரிய மனுஷி வழியாகத்தான் சொன்னாள். ஒரே அறைக்குள் இருந்துகொண்டு, அப்பாவை உப்பை எடுக்கச் சொல்லு என்பாள். இடம் போனால் போனதுதான், திரும்ப வராது, அதற்குக் காரணம் நான் என்று அவர் சோறு இறங்காமல் கிடந்தார். ஐந்தாம் நாள் அவளே பேசிவிட்டாள். ஆனால் அவரைப் புதிதாகப் பார்க்கிறவள் மாதிரி அவ்வப்போது உற்றுப் பார்த்தாள்.

பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது. வேலை முடிந்து வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே மனைவி போனை நீட்டினாள். பன்னிரண்டு பேரில் ஒன்பதாவதாக அவள் பெயர். அவர் படித்தார், மறுபடி படித்தார், மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். கிரீஸ் கையோடு மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பெரிய மனுஷி, இது என்ன பூம்பூம் மாட்டுக்கு வந்த பரிசா என்று கேட்டுவிட்டுத் தோழிகளுக்குச் சொல்ல ஓடினாள்.

“உக்காருங்க, ஒண்ணு கேக்கணும்” என்றாள் மனைவி. “நான் பட்டம் வாங்கின அன்னைக்குச் சாயங்காலம், பஸ் ஸ்டாப்புல அரை மணி நேரம் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். ஞாபகம் இருக்கா?”

கழுத்தை அடக்கிக்கொண்டு, இல்லை என்றார்.

“டீச்சர் பயிற்சிக்கு அப்பவே போகட்டுமான்னு கேட்டேன். ஏன் எனக்கு அது வேணும்னு எல்லாத்தையும் சொன்னேன். நீங்க தலையாட்டினீங்க. புரிஞ்சுதுல்ல, அவரே பேச்சை எடுப்பாருன்னு காத்திருந்தேன். நீங்க எடுக்கவே இல்லை. புரிஞ்சும் பேசாம இருக்காரு, பிடிக்கலை போலன்னு நானும் விட்டுட்டேன்.”



“நீ கேட்டதே எனக்குத் தெரியாதும்மா.”

“அது எனக்கே பன்னெண்டு நாளாத்தான் தெரியும். இருபது வருஷமா என் புருஷன் வேண்டாம்னுட்டாருன்னு உள்ளுக்குள்ள ஒரு வருத்தம் இருந்துச்சு. வெளியில சொன்னதில்லை. இப்ப அது இல்லை.”

“அப்ப கோபம் இல்லையா?”

“கோபமா? அது நெறைய இருக்கு. வருத்தம்தான் இல்லை.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தப்பு தன்னுடையதுதான் என்றார். ஆமாம், உங்களுடையதுதான் என்றாள், கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல். அவர் கையைக்கூடக் கழுவாமல் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் சொன்னதை இப்போது சொல் என்றார். போனது போகட்டும், இப்போது எதற்கு என்று அவள் பிகு பண்ணினாள். அவர் விடவில்லை.

சொல்ல ஆரம்பித்தாள். முதல் நிமிடத்திலேயே அவர் இரண்டு இடத்தில் நிறுத்தி, புரியவில்லை, இன்னொரு தடவை சொல் என்றார். முழுசாகச் சொல்லத்தான் விடுங்களேன் என்று அவள் அலுத்துக்கொண்டாள். அந்த அரை மணி நேரப் பேச்சைச் சொல்லி முடிக்க அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.