காந்தம் ஒட்டாத கத்தி

அரை அரிசி அளவுதான் இருக்கும். கத்தியின் கூரில் யாரோ கடித்துத் துப்பியதுபோல ஒரு பள்ளம். வைதேகி லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். பள்ளம் அங்கேயேதான் இருந்தது.

"என்னக்கா, கத்தியை மோந்து பார்க்கிறீங்க?" என்று சிரித்தார் காதர் மைதீன். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் அவருடைய ஆட்டிறைச்சிக் கடையில் காலைக் கூட்டம் அப்போதுதான் கலைந்திருந்தது. "சூப்பர் கத்தி லா. ஒரு வாரமா தீட்டவே இல்லை."

வைதேகி வேலை பார்க்கும் சோதனைக்கூடம் ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. புதிதாக வரும் உலோகக் கலவைகள் கத்திக்கு ஆகுமா, ஆகாதா என்று சொல்வதுதான் அவள் வேலை. இந்தக் கலவை நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்தது. இரும்பு மருந்துக்குக்கூடக் கிடையாது. மூன்று வாரம் உப்புத்தண்ணீரில் கிடந்தும் கறை பிடிக்கவில்லை. முரட்டுக் கயிற்றை ஐந்நூறு தடவை அறுத்தும் கூர் போகவில்லை. ஓங்கி அடித்தால் உடையுமா என்ற சோதனை மட்டும் பாக்கி. அதற்கு இன்னும் பத்து நாளாகும். "அதுவரைக்கும் சும்மா இருப்பானேன், சந்தையில யார்கிட்டயாவது கொடுத்துப் பாருங்க" என்றார் முதலாளி உமாசுதன். தப்பு என்று தெரிந்தும் அவள் தலையாட்டினாள்.

"பாய், இதால எலும்பு வெட்டினீங்களா?"

"சேச்சே! சதைக்கு மட்டும்னு நீங்கதான்..." என்றவர் பாதியில் நிறுத்தினார். "காலையில ஒரே ஒரு தடவை. நம்ம வாடிக்கை சுதா அவசரம்னு நின்னுச்சு. வெட்டுக்கத்தி கைக்கு எட்டலை. நாலு நெஞ்செலும்பு, அவ்வளவுதான்."

"உடைஞ்ச சில்லு எங்க?"

வெட்டுக்கட்டையைத் தடவினார்கள். கழுவித் துடைத்திருந்தது. காதர் மைதீனின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் கரைந்தது.

"சுதா மகளுக்குக் காய்ச்சல்க்கா. சூப் வைக்கத்தான் வாங்கிட்டுப் போச்சு."

அவர் சுதாவை அழைத்தார்; போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. வைதேகி கத்தியைத் தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அவர் சொன்ன பக்கத்து அடுக்குமாடி பிளாக்குக்கு ஓடினாள். லிப்ட் ஒவ்வொரு மாடியாக ஏறியது. அந்தச் சில்லின் ஓரம் எவ்வளவு கூர் என்று இந்த ஊரில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. ஒரு பிஞ்சுத் தொண்டை அவள் கண்முன் வந்து வந்து போனது.

ஒன்பதாவது மாடியில் கதவைத் திறந்த சுதாவின் கையில் கரண்டி இருந்தது. பின்னால், மேசையில், நான்கு வயது ரோஷினி கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதிக் கிண்ணம் காலி.

"குடிக்காதே!" வைதேகியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. சோதனைக்கூடத்திலிருந்து வருவதாகச் சொல்லி, நடந்ததைக் கொட்டினாள்.

சுதா ஒரு கணம் திகைத்தாள். பிறகு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பெரிய காந்தத்தைப் பிடுங்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கிண்ணத்திலும் பானையிலும் விட்டுத் துழாவினாள். மூன்று தடவை. பை வெறுமையாகவே மேலே வந்தது.

"ஒன்னுமே ஒட்டலக்கா. உயிரே போயிருச்சு எனக்கு!" என்று சிரித்தாள். "நீ குடிம்மா."

வைதேகிக்கும் மூச்சு திரும்பியது. ரோஷினி கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனாள்.

அப்போதுதான் உறைத்தது. காந்தம் பிடிப்பது இரும்பை. இதில் இரும்பு ஏது?

பாய்ந்து கரண்டியைத் தட்டிவிட்டாள். குழந்தை வீறிட்டு அழுதது.

"இது காந்தத்துல ஒட்டாது சுதா! எத்தனை தடவை துழாவினாலும் ஒட்டாது!"

வெள்ளைத் துணியில் சூப்பை வடிகட்டினார்கள். மிளகு, மல்லித்தழை, எலும்புத்தூள். ஒவ்வொன்றையும் நசுக்கிப் பார்த்தார்கள். மீன்செதில் மாதிரி ஒன்று மின்னியது. வைதேகி அதை இடுக்கியால் எடுத்துக் கத்தியின் பள்ளத்தில் பொருத்தி லென்ஸ் வழியே பார்த்தாள். பொருந்தியது. ஆனால் ஓர் ஓரத்தில் இன்னும் இடைவெளி. கடுகு அளவு.

சுதா அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே படத்தில் வயிற்றுக்குள் ஒரு வெள்ளைக் கீறல் தெரிந்தது. தொண்டையைத் தாண்டிவிட்டது, பெரும்பாலும் தானே வெளியே வந்துவிடும் என்றார் டாக்டர். இரண்டு நாள் கவனியுங்கள். வலித்தாலோ, ரத்தம் கண்டாலோ உடனே ஓடி வாருங்கள்.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்ததும் வைதேகியின் போன் அடித்தது. உமாசுதன்.

"காதர் மைதீன் என்ன சொன்னார்? நல்லாத்தானே வெட்டுது? இன்னைக்கே ரிப்போர்ட் அனுப்பிடலாமா?"

"கத்திக்கு ஆகாது சார். ஒரு தடவை எலும்புல பட்டதுமே உடையுது. உடைஞ்சா தேடியும் பிடிக்க முடியாது."

"ஒரு தடவை எலும்புல பட்டதுக்கா..."

"ஆகாதுன்னுதான் எழுதுவேன்."

பக்கத்தில் சுதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மடியில் குழந்தை தூங்கிப்போயிருந்தது.

"அந்தக் கத்தியைப் பாய்கிட்ட கொடுத்தது நீங்களா?"

"ஆமா. சோதனை முடியிறதுக்கு முன்னாடியே கொடுத்துட்டேன்."

சுதா குழந்தையின் வயிற்றை மெல்லத் தடவிவிட்டாள். பிறகு, குரலை உயர்த்தாமலே சொன்னாள்: "உங்க நம்பர் கொடுங்க. ரெண்டு நாளும் நான் எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்கணும்."

வைதேகி எண்ணைச் சொன்னாள். உடனே மறுபடியும் உமாசுதன் அழைத்தார். லைன் காலியாக இருக்கட்டும் என்று அவள் அதைத் துண்டித்தாள்.