கீறலுக்குக் குறையாத தண்ணீர்

…மூன்று மடக்குத்தான், அதற்கு மேல் இல்லை, நேற்று மத்தியானம் ஒன்று, பின்னேரம் ஒன்று, இன்று விடியத் தம்பி டிலோன் தறப்பாள் விரிப்புக்குக் கீழே வாயைத் திறந்தபடி கிடந்தபோது ஒன்று, மூன்றும் சின்ன மடக்கு, தொண்டைக்குப் போகமுன் நாக்கிலேயே காய்ந்துவிட்டது, என்று ஜெனீற்றா திரும்பத் திரும்ப நினைத்தாள், எதிரில் யாரோ இருந்து விசாரிப்பதுபோல. ஒரேயொரு சோடாப் போத்தல், இரண்டு லீற்றர், வீட்டுக் கிணற்றில் அள்ளியது, அரைநாள் பயணத்துக்கு அது தாராளம் என்று நினைத்தார்கள். இப்போது அடியில் நாலு விரல் உயரத்துக்கு நிற்கிறது. ஒவ்வொரு முறை இருவரும் குடித்து முடிந்ததும் டிலோன் தூண்டில் முனையால் போத்தலில் ஒரு கீறல் போடுவான், பதினாறு வயது, ஆனால் கிழவர்களின் ஒழுங்கு. அந்தக் கீறலுக்குப் பயந்துதான் அவள் கடலில் கையை விட்டாள். குடித்த அளவுக்குக் கடல்நீரை அள்ளி ஊற்றி, குலுக்கி, கீறலோடு சரி பார்த்து, மூடியை இறுக்கி… அவனுக்குத் தெரியாது, எப்படித் தெரியும், பிறந்த நாள் தொட்டு நெடுந்தீவின் உவர்நீர் குடித்த நாக்கு, யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டு நல்ல தண்ணீரைக் குடித்தால் சப்பென்று கிடக்கிறது என்று முகம் சுளிப்பவன், கொஞ்சம் உப்புக் கூடினால் அவனுக்கு எங்கே தெரியப்போகிறது.

வெயில் படகின் வெள்ளை விளிம்பில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. மூன்றாம் நாள். கரை எந்தப் பக்கம் என்று நேற்று வரைக்கும் தெரிந்தது, இன்று இல்லை. எஞ்சின் விசிறியில் அப்பாவின் வலை இன்னும் சுற்றிக் கிடக்கிறது, அதை இழுக்கத்தான் வந்தார்கள், அதுவே பிடித்துக்கொண்டது, டிலோன் வெட்டப்போய்க் கத்தியும் கைநழுவிப் போனது. அப்பா போட்ட வலை அது, அவர் செத்த அன்று கடலில் விட்டது, பத்தொன்பது நாளாக அங்கேயே கிடந்தது. செத்தவீட்டுப் படகு முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை தண்ணீரில் இறங்கக்கூடாது, அந்த வீட்டு ஆட்களும் இறங்கக்கூடாது, செத்தவனின் வலையில் வேறு யாரும் கை வைப்பதும் இல்லை. முப்பத்தொன்று வரைக்கும் பொறுத்தால் இழுவைப்படகுகள் வலையைக் கிழித்துக்கொண்டு போய்விடும், வேறு வலை இல்லை, என்று சொன்னவள் அவள்தான். பத்தொன்பது வயது, மூத்தவள், அவள் சொன்னதை அவன் கேட்டான். அம்மாவுக்குச் சொன்னது வேறு, நினைவு மலர் அச்சடிக்க யாழ்ப்பாணம் போகிறோம், பெரியம்மா வீட்டில் நான்கைந்து நாள் நிற்போம், போன் வராவிட்டால் யோசிக்காதேங்கோ. அம்மா சம்மதித்தாள், அப்பாவின் எந்தப் படத்தைப் போடுவது என்று மட்டும் கேட்டாள். வெள்ளைச் சட்டை போட்ட படம், என்றாள் ஜெனீற்றா. அந்தப் படம் இப்போது பொலித்தீன் பையில் சுற்றி அவளது இடுப்பில் இருக்கிறது, அம்மா யோசிக்கவில்லை, யாரும் யோசிக்கவில்லை, யாரும் தேடவில்லை.

ஆனால் குருசுமுத்து மாமாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்று முதல் நாளே அவனிடம் சொல்லிவிட்டாள். அம்மாவின் தம்பி, இரண்டு படகு வைத்திருப்பவர். மாமா தேடுவார், படகை விட்டு இறங்காதே, என்று. அன்று பின்னேரம் ஒரு மணல்திட்டு தெரிந்தது, வெள்ளையாக, ஒரு கோடு மாதிரி, டிலோன் நீந்துவோம் என்றான், வெறும் எண்ணெய்க் கானை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்துவோம் என்றான், அவள்தான் மறித்தாள், மாமா வந்து வெறும் படகைக் கண்டால் என்ன செய்வார்? நீரோட்டம் அவர்களைத் திட்டுக்கு அப்பால் கொண்டுபோனது. அவன் கோடு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு, மாமாவுக்குச் சொன்னதுதானே, என்று மறுபடி கேட்டான்.

அப்பா செத்த அன்றும் இதே படகு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்பா தண்ணீர் கேட்டார், போத்தல் வெறுமை, வெயிலில் டிலோன் குடித்து முடித்திருந்தான். ஒருவரும் கேட்காமலே அதை எல்லோருக்கும் சொன்னான் முட்டாள், பிரேதத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. மாமி பிலோமினம்மா, சாகப்போற மனிசனுக்கு ஒரு வாய் தண்ணி விட்டுவைக்காதவன், என்று சனத்துக்கு முன்னால் சொன்னாள். அதை அவன் தாங்கினான். அடுத்த நாள் குசினியில், அடுப்புக்கு முன்னால் நின்று, அவள், அக்கா, அவனைப் பார்த்து, ஒரு மடக்காவது மிச்சம் வைச்சிருக்கலாமேயடா, என்றாள். அன்றிலிருந்து அவன் வீட்டில் தண்ணீர் குடித்ததை அவள் காணவில்லை, எங்கேயாவது குடித்திருப்பான், வெளியில், மறைவாக… மறைவாகக் குடிக்கப் பழகியிருப்பானோ?

சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. தண்ணீர்ப் பங்கின் நேரம். டிலோன் எழும்பி உட்கார்ந்தான், உதடு வெடித்து இரத்தம் கறுப்பாகக் காய்ந்திருந்தது.

“அக்கா, மாமாட்டச் சொன்னனியே?”

“ஓம்.”

“சொல்லேல்லை. எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா ஏன்ரா மூண்டு நாளாக் கேக்கிறாய்?”

“நீ ஓமெண்டு சொல்லுறியோ எண்டு பாக்க,” என்று சிரித்தான், சிரிக்கும்போது உதடு மறுபடி வெடித்தது.

போத்தலை எடுத்தாள். அவன் கையை நீட்டவில்லை. நீ குடி, எனக்கு வேண்டாம், என்றான். எவ்வளவு இலேசாகச் சொல்கிறான், மூன்று நாள் வெயிலில் கிடந்தவன், தண்ணீரை. அப்பாவுக்காகவா? இல்லாவிட்டால்… அவள் குடித்தாள். தண்ணீர் இல்லை, கடல், நாக்கை அரித்துக்கொண்டு இறங்கியது. இன்று விடியவும் கரித்ததுதான், தன் வாய் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். துப்பமுடியாது, அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், விழுங்கினாள்.

“எப்பிடிக் கிடக்கு?”

“நல்லாத்தான் கிடக்கு.”

அவன் தலையை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டான். மூன்று மடக்குத்தான் ஊற்றினாள், மூன்று மடக்குக்கு இவ்வளவு கரிக்குமா, உவர் குடித்து வளர்ந்த நாக்குக்கே இப்படிக் கரிக்குமா? நேற்று முற்பகல் அவள் நல்ல நித்திரை, அவன்தான் காவல் இருந்தான், இன்றும் விடிந்தபின் அவள் கண்ணயர்ந்தாள், எழும்பிப் பார்த்தபோது தண்ணீர் கீறலில் அப்படியே நின்றது, ஒரு நூல்கூடக் குறையாமல். இரண்டு பேர் கையும் படாத தண்ணீராக இருந்தால் அப்படித்தான் நிற்கும். அவளது கை பட்ட தண்ணீரும் அப்படித்தானே நின்றது. கேட்கலாம், ஒரு கேள்விதான், கேட்டால் அவனும் கேட்பான். தூண்டில் அவனுடைய காலடியில் கிடந்தது.

“கீறலைப் போடு,” என்றாள்.

“என்னத்துக்கு?”

அவள் மூடியை இறுக்கினாள், இறுக்கிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள். மாதாவே, அவனும் குடித்திருக்கவேண்டும், அவனும் ஊற்றியிருக்கவேண்டும், இந்த உப்பு முழுக்க என்னுடையதாக இருக்கக்கூடாது… மூன்று நாளில் அவள் முழுமனதோடு வேண்டிக்கொண்டது இதுதான், ஒரு படகு வரவேண்டும் என்றுகூட இப்படி வேண்டவில்லை.