தையலுக்குக் கால் இஞ்ச்

வினைல் பலகைகள் வந்து இறங்கிய அன்று வீட்டில் மூன்று கட்சிகள் இருந்தன. ஆளைக் கூப்பிட்டுப் போட்டுவிடலாம் என்பது மனைவியின் கட்சி. நானே போடுகிறேன் என்பது கணவனின் கட்சி. எதையாவது போட்டுத் தொலையுங்கள், என் தலைக்கு மேலே சத்தம் மட்டும் வரக் கூடாது என்பது கீழ்வீட்டில் குடியிருக்கும் கணவனின் தங்கையின் கட்சி.

பெட்டிகளை உடனே பிரிக்கவும் முடியாது. இரண்டு நாளாவது அறையிலேயே படுக்கப் போட்டு வைத்தால்தான் அறையின் சூட்டுக்குப் பலகை பழகும் என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தார்கள். கட்டிலைச் சுற்றி அடுக்கிய பெட்டிகளைத் தாண்டித் தாண்டிப் போய்வந்துகொண்டே இருவரும் வாதாடினார்கள்.

"பலகைக்கு ரெண்டு நாள் போதுமாம். எனக்கு இந்த வீடு பழக ஒரு வாரம் ஆகுது" என்றான் அவன், பெட்டியில் முழங்காலை இடித்துக்கொண்டு.

அவன் சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் ஃபிட்டர். வருஷத்தில் பெரும்பகுதி தண்ணீரில் கழியும். அவள் சீருடை தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். அவனுக்கு லீவு கிடைத்ததும் அவளும் முதலாளியிடம் மல்லுக்கட்டி லீவு வாங்கியிருந்தாள். இத்தனை மாதமும் போன் திரையில் விட்டுவிட்டு அசைந்த முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவளுடைய திட்டம். வெடித்த பழைய டைல்ஸை மூட வினைல் போடலாம் என்று சொன்னவளும் அவள்தான். ஆனால் அதற்காக முழங்காலில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் முதுகை லீவு முழுக்கப் பார்க்க அவள் தயாராக இல்லை.

அதனால் தரை போடுபவரை வரச் சொன்னாள். அவர் ரசமட்டத்தை அங்கங்கே வைத்துத் தரை மட்டமா என்று பார்த்தார். படுக்கையறை நன்றாக இருக்கிறது, ஹாலில் பால்கனிக் கதவருகே பள்ளம், அதைப் பூசிச் சமன்படுத்தாமல் பலகை போட்டால் மிதிக்க மிதிக்க ஆடும் என்றார். எல்லாவற்றையும் அவளைப் பார்த்தே சொன்னார். அவளுக்குத்தான் பாத்ரூம் குழாய் முதல் கூரை ஒழுகல் வரை எல்லா வேலைக்காரர்களையும் தெரியும்.

கிளம்பும்போது அவனைப் பார்த்துச் சிரித்தார். "சார் ஊர்லேருந்து வந்திருக்காரா? சொந்தக்காரரா?"

"நெருங்கின சொந்தம்" என்றான் அவன்.

அவள் கதவைச் சாத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு, "எதுக்கும் கீழ போய்ட்டு வரேன்" என்று போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் தங்கை மேலே வந்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா அண்ணன்கிட்ட சொல்ல மாட்டீங்களே?"

"சொல்லுவேன். நீ சொல்லு."

"உங்ககிட்ட போய் ரகசியம் பேச வந்தேன் பாருங்க." கட்டிலில் உட்கார இடமில்லாமல் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "காலைல அண்ணன் எனக்கு போன் பண்ணுது. 'எங்க வீட்டுல பல்பெல்லாம் எங்க வெச்சிருப்பா?'ன்னு கேக்குது. மேல நின்னுக்கிட்டு கீழ் வீட்டுக்குப் போன்!"

"ஏன், என்கிட்ட கேட்டா என்னவாம்? பக்கத்துலதான இருந்தேன்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'நேத்து வாளி எங்கன்னு கேட்டேன், முந்தாநேத்து எந்த சுவிட்ச்னு கேட்டேன், தினமும் கேட்டா லாட்ஜுல ரூம் போட்டவன் மாதிரி இருக்கு'ன்னு சொல்லுச்சு. இப்ப கீழ வந்து எங்க வீட்டு மிக்ஸியைக் கழட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. அது நல்லாதான் ஓடிட்டிருந்தது அண்ணி! தயவுசெஞ்சு ஒரு வேலை குடுத்து மேல வெச்சுக்குங்க."

அவன் இல்லாத மாதங்களில் எதையும் யாரிடமும் கேட்காமல் நடத்திக்கொள்ளப் பழகியதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தச் சாமர்த்தியத்துக்குள் அவனுக்கு உட்கார இடமில்லாமல் போயிருக்கிறது என்று இப்போதுதான் தோன்றியது.

சாயங்காலம் அவன் கையில் மிக்ஸியில் ஒட்டியிருந்த மசாலாத் தூளின் வாசனையோடு வந்தபோது சொன்னாள்: "பெட்ரூமை நாமளே போடலாம். ஹாலை அப்புறம் பாத்துக்கலாம்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். நீங்க போடுங்க, நான் வெட்டித் தரேன். வெட்டுறதுக்கு என்னை மிஞ்ச ஆளுண்டா?"

"மாஸ்டர் சொன்னா அப்பீல் ஏது" என்று அவளை நாற்காலியோடு தூக்கப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறக்கிவிட்டான்.

மறுநாள் காலையிலேயே கட்டிலை ஹாலுக்குத் தள்ளிவிட்டு ஆரம்பித்தார்கள். சுவரோரம் சின்ன மரத்துண்டுகளைச் செருகி, பென்சில் பருமனுக்கு இடைவெளி விட்டு முதல் வரிசையைக் கோத்தான். வெயிலில் பலகை லேசாக விரியும், அதற்கு அந்த இடம் வேண்டும், மேலே சட்டம் அடித்தால் வெளியே தெரியாது என்று விளக்கினான். வரிசையின் கடைசித் துண்டை மட்டும் அளந்து, கோடு போட்டுப் பால்கனிக்கு அனுப்புவான். அவள் கத்தியால் கீறி, முட்டியில் வைத்து மடக்குவாள். பட்டென்று உடையும். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"அடுத்தது, மாஸ்டர்!"

"வரேன் இருங்க, கத்துறீங்க. இது என்ன இன்ஜின் ரூமா?"

ரப்பர் சுத்தியல் தட்டும்போதெல்லாம் கீழேயிருந்து தங்கை துடைப்பக் கட்டையால் பதிலுக்குத் தட்டினாள். அவன் தாளம் போட ஆரம்பித்தான். தங்கையும் விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டை இருவரும் போட்டு முடித்த பாதித் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தட்டுக்கு அடியில் செய்தித்தாள் விரித்தது அவன்தான். அது எங்கே இருக்கிறது என்று அவனே தேடிக் கண்டுபிடித்திருந்தான். இருட்டுவதற்குள் அறை முடிந்தது. வரிசைகளின் கடைசித் துண்டுகள் சுவரோடு ஒட்டிக் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. அவன் அந்தப் பக்கச் சுவரோரம் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தான். பிறகு சுத்தியலை எடுத்து வைத்தான்.

மறுநாள் மத்தியானம் ஜன்னல் வழியாக வெயில் அறை முழுக்க விழுந்தது. அவன் உள்ளே கால் வைத்ததும் 'டொக்' என்றது. அறை நடுவே தரை ஒரு பூனை உடம்பை வளைத்தது போல மேலே எழும்பியிருந்தது.

அவன் முட்டி போட்டுத் தடவிப் பார்த்தான். "அந்தப் பக்கம் இடைவெளி இல்ல. நேத்தே பாத்தேன். அளவுல நான்தான் தப்பு பண்ணியிருக்கேன், போகட்டும், கொஞ்சம்தானேன்னு விட்டேன்." எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீ சொன்ன மாதிரி ஆளையே கூப்பிடு. மொத்தத்தையும் எடுத்துப் போட்டுரட்டும். என்னால ஆகாது இது."

அவன் ஹாலுக்குப் போய் உட்கார்ந்தான், காத்திருக்கும் அறையில் உட்காருவது போல, நாற்காலியின் நுனியில்.

அவள் பால்கனிக்குப் போனாள். அவன் பிறகு வேறு அளவு கொடுத்ததால் நேற்றுப் போடாமல் விட்ட ஒரு துண்டு அங்கே கிடந்தது. அதில் அவன் போட்ட பென்சில் கோடு இருந்தது. அவள் வெட்டிய விளிம்பு கோட்டின் மேல் இல்லை. கோட்டுக்கு வெளியே, கால் இஞ்ச் தள்ளி, நூல் பிடித்தது போல நேராக இருந்தது.

பட்டறையில் கோடு என்பது தைப்பதற்கு. வெட்டு எப்போதும் கோட்டுக்கு வெளியேதான், தையலுக்கு இடம் விட்டு. எத்தனையோ வருஷமாக அவள் கை அதைத்தான் செய்கிறது. அளவு சரி. இடைவெளியைத் தின்றது அவள் கை.

துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இதைக் குப்பைப் பையில் போட்டுவிட்டால் போதும். தரைக்காரர் வருவார். முழங்காலில் நிற்பவர் அவராக இருப்பார். இவன் அவள் பக்கத்தில் இருப்பான், லீவு முடிகிறவரைக்கும். அவள் கேட்டதும் அதுதான். ஆனால் அந்த நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பவனை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

ஹாலுக்குப் போய்த் துண்டை அவன் மடியில் வைத்தாள்.

"இது என்ன?"

"கோடு உங்களுது. வெட்டு என்னுது. ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு பாருங்க."

அவன் பார்த்தான். பென்சிலை எடுத்து அந்த இடத்தில் வைத்துப் பார்த்தான். "ஏய், இது..."

"தையலுக்கு விட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"தையலுக்குங்க! எல்லாத்துலயும் விட்டிருக்கேன். ஒண்ணு பாக்கியில்ல."

அவன் முகத்தில் சிரிப்பு மெல்ல ஏறிற்று. தோள் குலுங்கியது. பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "வினைல் பலகையில தையல்! இதுல லைனிங் வேற குடுக்கலாமே மாஸ்டர்?"

"போதும், ரொம்பப் பேசாதீங்க. தப்பு உங்களுதுன்னு எப்படி நீங்களா முடிவு பண்ணீங்க? என்னைக் கேக்கறதுக்கு என்ன?"

சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "உன் வேலையில எப்பவும் தப்பு வராது. வீட்டுல ஏதாவது சரியில்லன்னா அது நானாத்தான் இருக்கும்னு..."

"மண்டு" என்றாள் அவள். அவன் தலைமுடியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள்.

கடைசித் துண்டுகளை மட்டும் கழற்றி எடுத்தார்கள். இந்த முறை அவள் பால்கனிக்குப் போகவில்லை. அவன் அருகிலேயே முட்டி போட்டு, கோட்டின் மேல் கத்தியை வைத்து, "இங்கயா?" என்று ஒவ்வொரு துண்டுக்கும் கேட்டாள். அவனும் ஒவ்வொரு முறையும், "அங்கதான்" என்றான். சுவரோரத்துத் துண்டுகள் குட்டையானதும் நடுவில் எழும்பிய தரை தானே மெல்லப் படிந்தது. அவன் அதன் மேல் ஏறி நின்று குதித்தான். கீழேயிருந்து துடைப்பக் கட்டை இடித்தது.

அந்த நேரம் பார்த்து தரைக்காரரிடமிருந்து போன். வரட்டுமா, வேண்டாமா என்று கேட்டார். அவள் கை முழுக்கத் தூசி. போனை அவன் வாங்கிக்கொண்டான்.

"வாங்க. பெட்ரூம் முடிஞ்சுது, நாங்களே போட்டுட்டோம். ஹாலு மட்டும். ஆமா, அந்தப் பள்ளம் எனக்குத் தெரியாத வேலை, நீங்கதான் செய்யணும்... யாரா? வீட்டுக்காரன்தான் பேசறேன்."

வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"ஹாலும் நீங்களே போடுவீங்கன்னுல்ல நினைச்சேன்" என்றாள்.

"வேணாம். அவர் போடட்டும். நாம வெளிய போலாம்."

"எங்க?"

"அது எனக்கு என்ன தெரியும்? இந்த ஊர்ல எனக்கு ஒரு தெரு உருப்படியாத் தெரியாது" என்றான் அவன் மிகச் சந்தோஷமாக. "நீ கூட்டிட்டுப் போ."