ஆள் வந்தால் அடிக்காத ஃப்ளாஷ்

யாரும் இல்லாதபோது ஒழுங்காக அடித்த ஃப்ளாஷ், ஆட்கள் வந்து நின்றதும் அடிக்க மாட்டேன் என்றது. போட்டோக்காரிக்கு ஒன்றுமே புரியவில்லை.

மதியம் முழுக்க அந்த மருத்துவமனையின் பிசியோதெரபி கூடத்தில் அவள் சோதித்துப் பார்த்திருந்தாள். கேமராவை அழுத்தினால் இடது பக்க விளக்கும் வலது பக்க விளக்கும் சொல்லி வைத்த மாதிரி ஒன்றாக மின்னின. ஒரு தடவைகூடத் தவறவில்லை. இப்போது கூடம் நிரம்பியதும் கதை மாறிவிட்டது. இடது அடித்தால் வலது தூங்கியது; வலது விழித்தால் இடது தூங்கியது; அடுத்த அழுத்தலில் இரண்டுமே எனக்கென்ன வந்தது என்று நின்றன.

"அண்ணி, இதுவும் என்னை மாதிரிதான் போல. கூச்ச சுபாவம். நாலு பேரைப் பாத்தா வாயே திறக்க மாட்டேங்குது" என்றாள் சின்னவள்.

"உனக்குக் கூச்சமா? இந்த வார்டுல உன் வாய்க்குப் பயந்து பக்கத்துக் கட்டில்காரி இடம் மாத்திக்கிட்டுப் போனாளே, அதை மறந்துட்டியா?"

சின்னவள் அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. போன வருஷம் விபத்தில் இடுப்பு முறிந்து இந்த மருத்துவமனைக்குத்தான் வந்தாள். படுத்துக்கொண்டு வந்தவள், இதே கூடத்தில் தரையோடு பொருத்தியிருந்த இரட்டைக் கம்பிகளைப் பிடித்து நின்று, தள்ளாடி, விழுந்து, எழுந்து, கடைசியில் ஒற்றைத் தடியோடு வெளியே நடந்து போனாள். இப்போது அண்ணியோடு படப்பிடிப்புகளுக்கு வந்து விளக்கு பிடிக்கிறாள்.

அவளை நடக்க வைத்த பெரிய சிஸ்டர் இன்று ஓய்வு பெறுகிறார். நாளைக்கே பெட்டி படுக்கையோடு மகள் வீட்டுக்குப் போய்விடுவார். கடல் தாண்டிய ஊர். அவருக்கு நோயாளிகள் வைத்த பெயர் தண்ணி சிஸ்டர். வெளியில் அந்தப் பெயரைச் சொன்னால் கேட்பவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள் என்பதால் வார்டுக்குள் மட்டும் புழங்கிய பெயர். கையில் டம்ளர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஊசி போட வந்தாலும் தண்ணீர் குடித்தாயா, அழுதாலும் தண்ணீர் குடித்தாயா, வீட்டுக்குப் போகிறேன் என்று கும்பிட்டாலும் தண்ணீர் குடித்தாயா.

என்ன வேண்டும் என்று சின்னவள் கேட்டபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பகல் ஷிஃப்ட் பிள்ளைங்களும் ராத்திரி ஷிஃப்ட் பிள்ளைங்களும் ஒரே படத்துல வேணும்மா. இத்தனை வருஷத்துல அவங்களைச் சேர்த்து நான் பாத்ததே மாடிப்படியிலதான்."

எளிதான ஆசை இல்லை அது. பகல் ஆட்கள் பொறுப்பை ஒப்படைத்து, இரவு ஆட்கள் வாங்கிக்கொள்ளும் அந்தச் சிறு இடைவெளியில்தான் இரண்டு கூட்டமும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும். அது முடிந்தால் ஒரு பாதி வார்டுக்கு ஓடும், மறு பாதி வீட்டுக்கு ஓடும். இன்னொரு நாள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்துவிட்டால் என்ன? கூடத்தின் ஒரு பக்கம் நடைபழகும் கம்பிகள். அவற்றைப் பெயர்க்க முடியாது. அத்தனை பேரும் நிற்க இருந்த ஒரே இடம் பெரிய ஜன்னலுக்கு முன்னால். திரைச்சீலை இல்லாத ஜன்னல். பின்னாலிருந்து மாலை வெளிச்சம் கொட்டும்போது முகங்கள் எல்லாம் அடுப்புக்கரி மாதிரி விழும். கேமராவின் தலையிலேயே ஃப்ளாஷை வைத்து அடித்தால் அது நேராகக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்து, படத்தின் நடுவில் வெள்ளைப் பொட்டாக உட்காரும். அதனால்தான் அவள் இரண்டு ஃப்ளாஷ்களையும் கேமராவை விட்டுத் தள்ளி, ஆளுக்கொரு பக்கமாக, ஸ்டாண்டில் மார்பளவு உயரத்தில் மாட்டி, பக்கச் சுவர்களைப் பார்க்கத் திருப்பியிருந்தாள். வெள்ளைச் சுவரில் பட்டுப் பரவி வரும் வெளிச்சம் முகத்தில் பால் மாதிரி விழும்.

தள்ளி நிற்கும் ஃப்ளாஷுக்கு எப்போது அடிப்பது என்று யார் சொல்வது? அதற்குத்தான் ட்ரிகர். கேமராவின் தலையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்று; கேமராவின் ஷட்டர் கதவு திறக்கும் அந்தக் கணத்தில் அது 'இப்போ!' என்று ரேடியோ அலையில் ஒரு குரல் கொடுக்கும். ஒவ்வொரு ஃப்ளாஷுக்கும் அடியில் ஒரு ரிசீவர். அது அந்தக் குரலைக் கேட்டு ஃப்ளாஷை அடிக்க வைக்கும். கம்பி வேண்டாம், கால் தட்டி விழ வேண்டாம். குரல் கேட்டால் வெளிச்சம், கேட்காவிட்டால் இருட்டு. அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

ஆக, இப்போது யாருக்கோ குரல் கேட்கவில்லை.

அவள் முதலில் பேட்டரிகளை மாற்றினாள். பிறகு கேமராவின் தலையில் ட்ரிகர் உட்காரும் இடத்தைச் சட்டை நுனியால் துடைத்தாள். பக்கத்து அறை இயந்திரங்களோ மருத்துவமனையின் வைஃபையோ குறுக்கே பேசுகிறதோ என்று சேனலை மாற்றினாள். மூன்றிலும் மாற்றினாள், ஒன்றில் மறந்தால் மொத்தமும் செவிடாகிவிடும். சேனலைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. மதியமும் அதே இயந்திரங்கள், அதே வைஃபை. அப்போது எல்லாம் கேட்டதே!

மதியத்துக்கும் இப்போதைக்கும் ஒரே வித்தியாசம் ஆட்கள்தான். அதுவும் எத்தனை ஆட்கள்! படத்தில் நிற்க வேண்டிய இரண்டு ஷிஃப்டும் ஜன்னல் ஓரம் மூன்று வரிசையாக நின்றன. ஆனால் தண்ணி சிஸ்டர் போகிறார் என்று தெரிந்ததும், படத்தில் இல்லாத ஒரு படையே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. வாக்கரோடு வந்தவர்கள், வீல்சேரில் வந்தவர்கள், அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்த சொந்தக்காரர்கள், போன மாதம் வீட்டுக்குப் போனவர்கள், அதற்கு முந்தின வருஷம் போனவர்கள். கேமராவைச் சுற்றியும் இரண்டு ஸ்டாண்டுகளைச் சுற்றியும் தோளோடு தோள் உரசி நின்றார்கள். முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் போட்டோக்காரி கேமராவை இடுப்பளவுக்கு இறக்கியிருந்தாள். கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

அலுவலக மேனேஜர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். "என்னம்மா, ஆகுமா ஆகாதா? மேல வார்டுல நோயாளிங்க காத்துட்டு இருக்காங்க."

"சார், ஒரே ஒரு சோதனை. படத்துல இல்லாதவங்க மட்டும் கொஞ்சம் வராந்தாவுக்குப் போக முடியுமா?"

முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். வீல்சேர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வெளியேறின. அவள் அழுத்தினாள். இரண்டு விளக்கும் பளிச்சென்று அடித்தன. மறுபடி அழுத்தினாள். மறுபடி அடித்தன.

"அப்புறம் என்ன? கதவைச் சாத்திட்டு எடுத்து முடிங்க" என்றார் மேனேஜர்.

யாரும் நகர்வதற்குள் பெரிய சிஸ்டரின் குரல் எழுந்தது. நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கையை உயர்த்திவிட்டார். "யாருக்குக் கதவைச் சாத்துறீங்க? அந்த வாக்கர் தாத்தா ரெண்டு பஸ் மாறி வந்திருக்காரு. அவங்க வெளிய, நான் உள்ள உக்காந்து இளிக்கவா? அவங்க முகத்தைப் பாத்துட்டுத்தான் நான் சிரிப்பேன். இல்லன்னா படமே வேணாம்மா."

கதவு திறந்தது. போன கூட்டம் இன்னும் நெருக்கிக்கொண்டு திரும்பி வந்தது. அவள் அழுத்தினாள். இருட்டு.

"போச்சுடா" என்றாள் சின்னவள் மெதுவாக. அவள் குரலில் இப்போது கிண்டல் இல்லை. "அண்ணி, எப்படியாவது எடுத்துடுங்க. அவங்களுக்கு நம்மால செய்ய முடிஞ்சது இது ஒண்ணுதான்."

போட்டோக்காரிக்குக் காதுமடல் சூடாகி, நெற்றியில் வியர்த்தது. தூரத்திலிருந்தே அதைக் கண்டுபிடித்துவிட்டார் பெரிய சிஸ்டர். பழக்க தோஷம்.

"ஏம்மா போட்டோ! முகம் வாடிப் போச்சே, முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடி. மனுஷ உடம்புல..."

கூடம் மொத்தமும், வாக்கர் தாத்தாவிலிருந்து ராத்திரி ஷிஃப்டின் கடைசி நர்ஸ்வரை, ஒரே குரலில் முடித்து வைத்தது: "பாதிக்கு மேல தண்ணிதான்!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. யாரோ டம்ளரை அவள் கையில் திணித்தார்கள். ஒரு வாய் குடித்தவள் இரண்டாவது வாயை விழுங்காமல் அப்படியே நின்றாள்.

தண்ணீர்.

முன்பு ஒரு நீச்சல் போட்டியில், தண்ணீருக்கு அடியிலிருந்து வெளிச்சம் வரட்டும் என்று ஃப்ளாஷையும் ரிசீவரையும் கண்ணாடிப் பெட்டியில் அடைத்துக் குளத்துக்குள் இறக்கியிருந்தாள். கரையில் இருந்தவரை அருமையாக அடித்தது. ஒரு முழம் முங்கியதும் ஊமையாகிவிட்டது. பெட்டியின் தலையை நீருக்கு வெளியே தூக்கியதும் மறுபடி அடித்தது. இந்த ட்ரிகர்கள் பேசும் அலைக்குத் தண்ணீர் ஆகாது; தண்ணீர் அதை அப்படியே குடித்துவிடும். அன்றைக்கே கற்ற பாடம். ஆனால் தண்ணீர் என்றால் குளத்தில் இருப்பது, குழாயில் வருவது என்று மட்டுமே நினைத்திருந்தாள். அது சட்டை போட்டுக்கொண்டு, வாக்கர் பிடித்துக்கொண்டு, தன்னைச் சுற்றி வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "சின்னவளே, இது குளம்!"

"அண்ணி, தண்ணி உங்களுக்கு ஒத்துக்கலையா?"

"இத்தனை பேரும் தண்ணிக்குடம்டி. நடுவுல உக்காந்து இந்த ட்ரிகர் கத்துது, அங்க ரிசீவருக்கு எப்படிக் கேக்கும்? யாரும் வெளிய போக வேணாம். நாம மேல போவோம். ஸ்டாண்டைத் தூக்கு, முழுசா தூக்கு!"

வலது ஸ்டாண்டை ஒரு நர்ஸே நீட்டிப் பூட்டினார். விளக்கு எல்லாத் தலைகளையும் தாண்டி மேலே போனது. இடது ஸ்டாண்டின் மேல் திருகு பழசு, உயரத்தில் நிற்காமல் வழுக்கி இறங்கியது. போட்டோக்காரி அதற்குள் நோயாளிகளைப் படுக்கவைத்துப் பயிற்சி கொடுக்கும் மேஜைமேல் கேமராவோடு ஏறியிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது, சின்னவள் தன் தடியை வாக்கர் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு, ஃப்ளாஷைக் கழற்றி இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து நின்றாள். பிடிமானம் எதுவும் இல்லாமல்.

"இடுப்பை நேரா வைடி! காலை அகட்டு!" என்று நடு நாற்காலியிலிருந்து அதட்டல் வந்தது.

"நேராத்தான் சிஸ்டர் இருக்கு! நீங்க கேமராவைப் பாருங்க!"

பெரிய சிஸ்டர் கேமராவைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். இந்தக் கூடத்தில் முதல் நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதவளைப் பார்த்தார். அவளைச் சுற்றி நின்ற அத்தனை முகங்களையும் பார்த்தார். கண் நிறைந்து, வாய் தானாக மலர்ந்தது. போட்டோக்காரி அழுத்தினாள்.

இரண்டும் அடித்தன.

மறுபடி, மறுபடி, மறுபடி. ஒன்றுகூடத் தவறவில்லை. மூன்று வரிசை முகங்களும் ஜன்னல் வெளிச்சத்துக்கு முன்னால் தெளிவாக, ஒவ்வொரு பல்லும் எண்ணும்படி விழுந்தன. பகலும் இரவும் ஒரே படத்தில். இடைவெளி முடிந்து பாதிப் பேர் வார்டுக்கு ஓடும்போதே மேஜைப் பக்கம் வந்து கேமராவில் படத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெரிய சிஸ்டர் கடைசியாக வந்தார். வெகுநேரம் பார்த்தார். சின்னவளின் கன்னத்தை ஒரு தடவை தட்டினார்.

"நன்றி நான்தான் சொல்லணும் சிஸ்டர்" என்றாள் சின்னவள்.

"அது இருக்கட்டும். இவ்வளவு நேரம் கையைத் தூக்கி நின்னியே, தண்ணி குடிச்சியா?"

மற்ற போட்டோக்காரர்கள் கேட்டால் இன்றைக்கும் போட்டோக்காரி சொல்லும் பதில் இதுதான். வெற்று அறையில் அடிக்கிற ஃப்ளாஷ் கூட்டம் வந்ததும் அடிக்கவில்லையென்றால், கூட்டத்தை வெளியே அனுப்ப வேண்டாம். கேமராவையும் ரிசீவர்களையும் எல்லோருடைய தலைக்கும் மேலே தூக்கி, ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். அடிக்கும்.